ஒரு லோடு முள்

கயிற்றின் ஒரு முனை சத்யப்பிரியாவிடம் இருந்தது. மறுமுனை வண்டிக்கு அந்தப் பக்கம், அவள் அப்பா அரியமுத்துவிடம். நடுவில் டாட்டா ஏஸ். அது கொள்ளாமல் சீமைக்கருவேல முள்.

"இழு பாப்பா. எம்எஸ்சி படிச்ச கையா இது?"

"முள்ளு லோடு கட்டறதுக்கா எம்எஸ்சி படிச்சேன்?"

"கட்டறதுக்கு எதுக்குப் படிப்பு? இழுத்தா போதும்."

இழுத்தாள். ஒரு கிளை விலகி முழங்கையைக் கீறியது. அந்த முள்ளால் ஒரு பயனும் இல்லை என்று முந்தின நாளே அப்பாவிடம் சொல்லியிருந்தாள். பொறுமையாகச் சொன்னாள், கோபமாகச் சொன்னாள், காகிதத்தில் படம் போட்டும் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவர் ஏரிக்கரைக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். தடுக்க முடியாத லோடை விழாமலாவது கட்டலாம் என்றுதான் அவள் கயிற்றைப் பிடித்தாள்.

"ஓடைக்குள்ள எறங்கணும். பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. முக்கூட்டுல அடிச்சிட்டு, அப்படியே போயி எறக்கிட்டு வந்துடறேன்" என்றார். சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தட்டிக் காட்டினார். "உன் குச்சி நாலும் இங்கதான் இருக்கு. அதையும் நட்டுட்டு வந்துடறேன். நீ பஸ்ஸைப் பாரு."

அவள் திருச்சி பஸ்ஸைப் பார்க்கக் கிளம்பினாள். போயிட்டு வரேன் என்று சொன்னாளா என்பது நினைவில்லை. முடிச்சு போட்டது நினைவிருக்கிறது. நல்ல முடிச்சு.

அரியமுத்து ஏன் ஒரு ஓடைப் புறம்போக்கில் முள் இறக்கப் புறப்பட்டார் என்று சொல்வதானால், அவருக்கு அதிகாரிகளைப் பிடிக்கும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிறந்தது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், ஊருக்குக் கிழக்கே தள்ளி இருக்கும் தெருவில். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். அவர் சின்ன வயதில் அடுத்தவர் மாடு மேய்த்தார். மீசை முளைத்ததும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றினார். பிறகு லாரியில் கிளீனர், பிறகு டிரைவர், கடைசியில் தவணையில் சொந்தமாக ஒரு ஏஸ். வண்டியின் பின்பக்கம் "சத்யப்பிரியா எம்.எஸ்சி." என்று எழுதி வைத்தார். அப்போது அவள் கடைசிப் பரீட்சையே எழுதியிருக்கவில்லை.

"ரிசல்ட் வரட்டும்ப்பா."

"ரிசல்ட் எப்ப வேணா வரும். பெயிண்டர் இன்னிக்குத்தான் வந்திருக்கான்."

அந்த ஏஸில் அவர் ஏற்றாதது இல்லை. ஆடு, உர மூட்டை, பந்தல் கம்பு, சடங்கு வீட்டுச் சீர்வரிசை. ஆனால் அவருக்குப் பெருமை சேர்த்தது அரசாங்க லோடு. மருத்துவ முகாம் வந்தால் நாற்காலி அவர் வண்டியில். ஓட்டுப்பெட்டி வரும் நாளில் தண்ணீர் கேன் அவர் வண்டியில். இப்படி ஆண்டுக்கணக்கில் பழகியதில் அவருக்கென்று ஒரு கோட்பாடு உண்டாகிவிட்டது. எந்த ஆபீஸ், எந்த அதிகாரி, எதைப் பார்க்க வந்தாலும் சரி, பார்க்கப்போகும் இடத்தைச் சுத்தம் பண்ணி, ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டு, நிழலில் நாற்காலி போட்டுவிட வேண்டும். தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது அப்படித்தான். தார் ரோடு வந்தது அப்படித்தான். கோட்பாடு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை என்பதுதான் பின்னால் வந்த வினை.

சத்யப்பிரியா திருச்சியில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தாள். வேலை, நிலத்தைக் குணம் பார்த்து வகை பிரிப்பது. மண் கரிசலா சுக்கானா, மேடா பள்ளமா, மேலே என்ன முளைத்திருக்கிறது, அது தரையை எவ்வளவு மூடியிருக்கிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரே நிறமாகத் தெரியும் இடங்களை நேரில் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைப் பெயர் எழுத வேண்டும். இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து அப்படி ஒரு சூழல் ஆய்வு நடந்தது.

"பட்டா யாரு பேருல இருக்குன்னு பாப்பீங்களா?" என்று கேட்டார் அரியமுத்து.

"பாக்க மாட்டோம்ப்பா."

"எல்லைக்கல்லு?"

"அதுவும் இல்ல. நெலம் எப்படி இருக்குன்னு மட்டும்தான்."

"ஆள் பேரே கேக்காத சர்வே எல்லாம் ஒரு சர்வேயா?" என்று அவர் மகளுக்காக வருத்தப்பட்டார்.

ஆனால் ஆய்வு அவர்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தது. தெருவுக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஓடையை ஒட்டிப் பெரிய புறம்போக்கு ஒன்று கிடக்கிறது. சூரை, காரை, விடத்தலை என்று முட்செடிகள் பின்னிக்கொண்டு, ஆடு நுழையும், ஆள் நுழைய யோசிப்பான். ஓடைக்கரையோரம் தெருவின் பிணங்களைப் புதைக்கும் இடம். ஊரின் இடுகாட்டுக்குச் சுற்றுச்சுவரும் தகரக் கொட்டகையும் உண்டு. தெருவுக்கு ஓடை உண்டு. அரசாங்கக் கணக்கில் அது இடுகாடு இல்லை. வெறும் ஓடைப் புறம்போக்கு. எழுதிக் கேட்டு நடையாக நடந்தும் ஒரு எழுத்து மாறவில்லை.

சுரங்கத்தில் தோண்டிய மேல்மண்ணைக் கொட்ட இடம் தேடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. புறம்போக்கு "வெற்றுத் தரிசு" என்று எழுதப்பட்டால் மண் அங்கே வரும், "முட்புதர்க்காடு" என்று எழுதப்பட்டால் வராது என்பதும் பேச்சு. மண் வந்தால் அரியமுத்துவின் அப்பா அம்மா மேல் மலை எழும்பும்.

இவ்வளவு பெரிய நிலத்தில் ஆய்வுக்கான புள்ளியைக் கம்ப்யூட்டர் எறியும். விழுந்த இடத்தில் பத்து மீட்டர் சதுரம் அளந்து, மூலைக்கு ஒன்றாகச் சிவப்பு பெயிண்ட் அடித்த குச்சி நடுவார்கள். அந்தப் புறம்போக்கில் ஒரே ஒரு புள்ளிதான் விழுந்தது, புதைக்கும் இடத்தை ஒட்டி, மேடு ஏதும் இல்லாத புதருக்குள். தன் ஊர் என்று சத்யப்பிரியா குழுத் தலைவர் மணிவண்ணனிடம் முன்பே சொல்லிவிட்டாள்.

"நல்லதாப் போச்சு. வழி கேக்க வேணாம்" என்றார் அவர்.

குச்சி நட்டுவிட்டு வந்த அன்று வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். "அந்தச் சதுரத்துல என்ன இருக்கோ, அதை வச்சுத்தான்ப்பா மொத்தத்துக்கும் பேரு எழுதுவோம். ஆடு மாடு குச்சியைத் தள்ளிடாம பாத்துக்க. வியாழக்கெழமை சார் வராரு."

"நீ கவலையை வுடு. நான் பாத்துக்கறேன்" என்றார் அரியமுத்து.

பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மணிவண்ணனும் சத்யப்பிரியாவும் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது, காட்டின் நடுவில் ஒரு சதுரம் மொட்டை அடித்துக் கிடந்தது. ஒரு இலை இல்லை. பெருக்கிய சீமாறின் தடம் தரையில் வரிவரியாகத் தெரிந்தது. நாலு பக்கமும் வெள்ளைக் கோடு. நடுவில், ஓலைத்தட்டி நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் சீவத் தயாராக இளநீர். அதற்குப் பக்கத்தில் தோளில் துண்டோடு அரியமுத்து.

"வாங்க சார். வாங்க. பாப்பா, சாரை உக்காரச் சொல்லு."

மணிவண்ணன் உட்காரவில்லை. "யாருங்க இதைச் செஞ்சது?"

"நாந்தாங்க சார். நேத்து பூரா வெட்டுனோம். வேரோட எடுக்கணும்னுதான் பாத்தேன், டைம் பத்தல. மன்னிச்சுக்கணும்."

மணிவண்ணன் சதுரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். முன்பு சேலத்துப் பக்கம் ஒரு ஊரில், புள்ளி விழுந்த இடத்துக்கு மாலை போட்டு சூடம் காட்டியதைப் பார்த்தவர் அவர். ஆனால் இது அவருக்கும் புதிது. கடைசியில், "பாத்ததை எழுது சத்யா. நேத்து இருந்ததை எழுத நமக்கு வழி இல்ல" என்றார்.

அவள் எழுதினாள். செடி மூடாக்கு: இல்லை. வகை: வெற்று நிலம். குறிப்பு: அண்மையில் மனிதத் தலையீடு. மண் மாதிரி எடுத்த பையில் பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது.

"எப்படி பாப்பா? நல்ல மார்க்கா?" என்று அரியமுத்து காதோரம் கேட்டார்.

அவள் சொன்னாள்.

அவர் துண்டை எடுத்து முகம் துடைத்தார். பிறகு நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார். ஒரு இளநீரைக்கூட யாரும் குடிக்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி ஆண்டாயி விடவில்லை. "மாலைய போட்டு சோறு வைக்கற எடத்த செரைச்சு வுட்டுட்டு வந்திருக்கான் பாரு மனுசன். ஏன்யா, உங்கப்பனையும் தோண்டி எடுத்துக் குளிப்பாட்டி ஒக்கார வச்சிருக்க வேண்டியதுதானே, சாரு பாக்கட்டும்னு?"

பங்காளி உத்திராபதி தெருவில் நின்று சிரித்தார். "பொண்ணு பாக்க வராங்கன்னு பொண்ணுக்கே மொட்டையடிச்சு வச்சிருக்கியேடா அரியமுத்து!"

அடுத்த வாரம் சத்யப்பிரியா வந்தபோது அரியமுத்து கேட்டார். "இதோட முடிஞ்சுதா பாப்பா?"

"மழைக்குப் பொறவு இன்னொரு தடவை பாப்போம்ப்பா. ரெண்டையும் சேத்துத்தான் பேரு."

"அப்ப ரெண்டாவது பரீட்சை இருக்கு." அவர் முகம் விரிந்தது. "முள்ளுதானே வேணும்? ஒரு லோடு கொண்டாந்து எறக்கிடறேன்."

"வெட்டுன முள்ளு கணக்குல வராதுப்பா."

"நட்டு வச்சா?"

"சீமைக்கருவேலம் நம்ம மரமே இல்ல. படிவத்துல அதுக்கு வேற கட்டம்."

"முள்ளுல என்னா பாப்பா நம்ம முள்ளு, சீமை முள்ளு? குத்துனா ரத்தம் வருதா இல்லையா?"

"அப்பா, நீ ஒண்ணுமே செய்யாம இருந்தா போதும். அதுவா தழையும்."

ஒன்றுமே செய்யாமல் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாத வேலை. சதுரத்தின் மூலைக் குச்சி நாலையும்கூடப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். முனை மழுங்கி ஆடுகிறதாம், சீவி நட வேண்டுமாம்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கயிற்றின் ஒரு முனை அவள் கையில் வந்தது.

பஸ் பாடாலூர் தாண்டவில்லை, போன் வந்தது. முக்கூட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மாயவன். "பாப்பா, அண்ணன் டயரை ஒதைச்சுப் பாத்தாரு. போதும்டான்னாரு. ஸ்டூல்ல ஒக்காந்தாரு. அவ்வளவுதான் பாப்பா. நான் தண்ணி எடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள..."

அவள் பாடாலூரில் இறங்கினாள். நாலு வழிச்சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றாள். பெரம்பலூர் பஸ் வந்தது, ஏறினாள். கண்டக்டர் சில்லறை கேட்டார், கொடுத்தாள். எல்லாம் அதனதன் வரிசையில் நடந்தது.

தெருவில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையில் பாடையை இறக்கி வைத்துச் செய்வதைச் செய்தார்கள். அங்கிருந்து ஆண்டாயியும் அவளும் திரும்பிவிட்டார்கள். தம்பி விக்கி மொட்டையடித்துக்கொண்டு முன்னால் போனான். பொழுது சாய ஆண்கள் திரும்பி வந்தபோது, ஏஸ் காலியாக வந்து நின்றது.

"முள்ளு எங்க சித்தப்பா?" என்று கேட்டாள். அன்று அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

உத்திராபதி துண்டை உதறினார். "குழிமேட்டுல வச்சிட்டோம் பாப்பா. நாயி நரி தோண்டாம இருக்க முள்ளு வைக்கணுமில்ல? எங்க போயி வெட்டறதுன்னு பாத்தோம். உங்கப்பன் லோடா ரெடி பண்ணி வச்சிருந்தான். எந்தச் சாவுக்கும் இப்படித் தோதா அமைஞ்சதில்ல."

மழை வந்தது. ஓடை ஓடியது. கார்த்திகை கழிந்து இரண்டாம் சுற்று தொடங்கியபோது, மணிவண்ணன் அந்தப் புள்ளிக்கு வேறொருவரை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் சார், என்றாள். வழி கேக்க வேணாமே.

குச்சி இல்லாததால் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியில் புள்ளியைப் போட்டுக்கொண்டு நடந்தாள். திரை தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. உத்திராபதி முன்னால் முள் விலக்கினார். மணிவண்ணன் பின்னால் வந்தார். கருவி இலக்கு வந்துவிட்டது என்று ஒலி எழுப்பியது. அவள் நிமிர்ந்தாள்.

எதிரில் முள் குவித்த மேடு. சாயம் போன மாலை நார். மேட்டின் ஓரம் கயிறு கிடந்தது. முடிச்சு அவிழவில்லை, பக்கத்தில் அறுத்திருந்தார்கள்.

"சித்தப்பா, இங்கயா?"

உத்திராபதி தலையைச் சொறிந்தார். "வேற எங்க பாப்பா குழி வெட்டறது? சுத்தி பூரா முள்ளு. இந்த எடம்தான் சுத்தமா இருந்துச்சு. மம்புட்டி போட்டதும் சுளுவா எறங்குச்சு. அவன் கூட்டி வச்ச எடம்தானே."

மணிவண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு சதுரத்துக்கு வெளியில் நின்றார். "அளக்கலாம் சத்யா. இல்லேன்னா கெளம்பலாம்."

அளந்தாள். டேப் மேட்டின் மேல் போனது. வேரோடு எடுக்க டைம் பத்தாத தூர்கள் எல்லாம் தழைத்து முழங்காலுக்கு வந்திருந்தன. விடத்தலை. சூரை. காரை. இடையில் ஆவாரை பூத்திருந்தது. வெளியில் ஆடு மேய்ந்த கொழுக்கட்டைப் புல், முள்ளுக்கு அடியில் மட்டும் கடிபடாமல் கதிர் தள்ளியிருந்தது. வெட்டிய முள் கணக்கில் வராது. அவள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குக் கீழே முளைத்ததைச் சேர்த்தாள். அது விதிப்படி சரி.

"பாதிக்கு மேல மூடியிருக்கு சார்."

"முட்புதர்க்காடுன்னு எழுதலாம். ஆனா உள்ள..." மணிவண்ணன் கையால் காட்டவில்லை. "புதைச்ச எடம் புள்ளிக்குள்ள வந்தா, விதிப்படி அதுதான் முந்தும். மூடாக்கு அதுக்குப் பின்னாலதான்."

"தெரியும் சார்."

"பாத்ததை எழுது."

அவள் எழுதினாள். வகை: இடுகாடு, முட்புதர் சூழ்ந்தது. குறிப்புக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டாள்.

தை பிறந்து வரைபடத்தின் முதல் படி வந்தது. ஓடையை ஒட்டி, சுரங்கத்தின் பழுப்புக்கும் தெருவின் சிவப்புக்கும் நடுவில், அதுவரை எந்தக் கணக்கிலும் இல்லாத ஒரு சொல் அச்சாகியிருந்தது. வெற்றுத் தரிசு இல்லை. உத்திராபதி போனில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எத்தனை வருசமா ஆபீசு ஆபீசா ஏறி எறங்குனோம். ஒருத்தன் எழுதித் தரல. உங்கப்பன் போயி படுத்து வாங்கிட்டானே பாப்பா."

சத்யப்பிரியா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு முதல் முறை. ஆண்டாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

"உசுரோட இருந்தப்ப ஒரு வேலைய ஒழுங்கா முடிச்சதில்ல இந்த மனுசன்" என்றாள்.

மணிவண்ணன் போனில் ஒன்று சொன்னார். இது முதல் படிதான். அடுத்து வேறொரு குழு சரிபார்க்க வரும். கருவி காட்டும் இடம் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே போகும். மூலையில் குச்சி இல்லையென்றால் சதுரம் நகர்ந்துவிடும், மேடு வெளியில் போய்விடும், அவர்கள் வேறு எதையாவது எழுதுவார்கள். "நாலு மூலையும் கெட்டியா இருக்கணும் சத்யா. குச்சி எங்க?"

குச்சி எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

ஏஸை இப்போது விக்கி ஓட்டுகிறான். சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தாள். நாலும் இருந்தன. பென்சில் மாதிரி சீவப்பட்ட முனை. சீவிய சீவலில் ஆளுக்கு அரையடி குறைந்திருந்தது. நாலையும் சணலால் சேர்த்துக் கட்டி, அதனோடு பாதி தீர்ந்த ஒரு பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டையும் கட்டி வைத்திருந்தார்.

விக்கி இறங்கி வண்டியைச் சுற்றி வந்தான். பின்பக்கம் குனிந்து டயரை உதைத்துப் பார்த்தான்.

"ஓடைக்குள்ள எறங்கணுமேக்கா. காத்து கம்மியா இருக்கு. முக்கூட்டுல அடிச்சிட்டுப் போயிடலாமா?"

அவள் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி இன்னும் கிளம்பவில்லை.